ரைமிங் வைத்துத் தந்தவர்

கோப்பாயில் வெங்காயம் ஏற்றிய பெற்றோலில் ஓடும் என் பழைய லொறி இழுவையில்லாமல் திணறி நின்றது. கோட்டுப் போட்டுச் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் தானாகவே இறங்கிப் பார்த்தார்.

“ரைமிங் பிந்திப்போச்சு, தம்பி. என்ஜினிலை பொறி நேரத்துக்கு விழேல்லை.”

பொறி விழும் நேரத்தை மாற்ற டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பினார். என்ஜின் சீராக ஓடியது. ஆனாலும் அவர் விடவில்லை. கொஞ்சம் திருப்புவார், கேட்பார், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவருவார்.

“சரிதானே அண்ணை. நீங்கள் எங்கை போறியள்?”

“கொக்குவில் சேர்ச்சுக்கு. மகளின்ரை கலியாணம். எனக்குச் சொல்லேல்லை.”

“நேரம் போகுது, ஏறுங்கோ.”

சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கினேன். உள்ளே பாட்டுக் கேட்டது. கோட்டுப் பையிலிருந்த லேஞ்சித் துணியால் எண்ணெய் பட்ட விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி நின்றார். உள்ளே போனாரா என்று நின்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.