காற்று நின்ற பிறகும் கேட்ட சத்தம்

கடந்த ஆண்டு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால். குளித்துவிட்டு வெளியே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் செருப்பு. வாசற்படிக்குக் கீழே ஜோடியாக இருந்தது. அப்பா இல்லை. கேட்டின் கொண்டி திறந்து கிடந்தது.

எறையூர் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நான், வேலையை விட்டு ஊருக்கு வந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவுக்கு மறதி நோய். என்னைச் சில நாள் மகள் என்பார், சில நாள் தன் தங்கை என்பார். அன்று சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார். இட்லி தட்டில் இருந்தது, தொட்டிருக்கவில்லை. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் மயங்கி விழுவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள்தான் தகவல் சொன்னார். "வெறுங்கால்ல போனாரும்மா. கரும்புக் கொல்லப் பக்கம். எங்க போறீங்கன்னு கேட்டேன், வேல கெடக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

ஏரிக்குக் கீழே பல பேருடைய கரும்பு ஒரே தொடர்ச்சியாக நிற்கிறது. ஆடியில் அது ஆளை விட உயரம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் நாலு சால், அதாவது நாலு வரிசை, தள்ளி நிற்பவருக்குத் தெரியாது.

ஊர் கூடிவிட்டது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கரும்புக்குள் நுழைந்து "தாத்தா", "பெரியவரே" என்று கூப்பிட்டார்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் டிராக்டரை வயலைச் சுற்றி ஓட்டிக்கொண்டே ஹாரன் அடித்தார். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் என்பதால் மைக் செட் தயாராக இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, பெரியவர் எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். வழி தெரியாமல் போனவருக்கு அந்த அறிவிப்பு. பிறகு பாட்டு. பிறகு மறுபடியும் அறிவிப்பு.

நானும் கத்திக்கொண்டுதான் ஓடினேன். கரும்பு இலை கையிலும் கன்னத்திலும் கீறியது. சத்தம் ஏற ஏற, தேடல் சரியாக நடக்கிறது என்றே எல்லோருக்கும் தோன்றியது.

பதினொரு மணி வாக்கில் ஊராட்சித் தலைவர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். பெரம்பலூரில் அதிகாரிகள் கூட்டத்துக்குப் புறப்பட்டவர், வழியில் சேதி கேட்டுத் திரும்பியிருந்தார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, "வர முடியாதுங்க சார், அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி அணைத்து, ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு மூடினார். அதற்குள் அவரைச் சுற்றி ஐந்தாறு பேர், ஆளுக்கொரு யோசனை. போலீசுக்குச் சொல்லணும், கிணற்றைப் பார்க்கணும், டிரோன் வைத்திருக்கும் போட்டோக்காரரைக் கூப்பிடணும். எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, காலையில என்ன சாப்பிட்டாரு?"

சொன்னேன்.

"காது நல்லா கேக்குமா?"

"கேக்கும். ஆனா சத்தமா கூப்பிட்டா தன்னைத் திட்டுறாங்கன்னு நெனச்சுக்குவாரு. பேசாம ஒதுங்கிப் போயிடுவாரு."

இதை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் நினைவு வரவில்லை.

பத்திரிகை வேலையில் பல தலைவர்களிடம் பேசியிருக்கிறேன். என்னிடம் பேசும்போதே என் தோளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பவர்கள் அவர்களில் அதிகம். இவர் நான் சொல்லி முடிக்கும்வரை வேறு எங்கும் பார்க்கவில்லை. பிறகு திரும்பி, "எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க. யாரும் கூப்பிடக் கூடாது. டிராக்டர அணைங்க" என்றார். ஒருவரை பைக்கில் கோயிலுக்கு அனுப்பினார்.

"ஆடி வெள்ளியில மைக்க நிறுத்துறதா?" என்றார் ஒருவர்.

"ஆத்தா கோச்சுக்க மாட்டா. போயி நிறுத்தச் சொல்லுங்க."

குத்தகைக்காரர் டிராக்டரிலிருந்து இறங்கவில்லை. "ஊரே கத்தியும் கேக்கல, வாய மூடுனா கேக்குமாக்கும்? தலைவரு வூட்டுக்காரரு இருந்தா இந்நேரம் நாலு வண்டி எறக்கியிருப்பாரு."

"அவரு இருந்தாலும் இப்ப வாயத் தொறக்கக் கூடாதுண்ணே."

சிலர் சிரித்தார்கள். டிராக்டர் நின்றது. சற்று நேரத்தில் கோயில் பாட்டும் நின்றது.

அமைதி வரவில்லை. வந்தது காற்று. ஆடிக் காற்றில் அந்தக் கரும்பு முழுவதும் ஒரே இரைச்சலாக இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் அப்பாவின் உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். "இதுல என்னாத்த கேக்குறது?" என்று குத்தகைக்காரர் முணுமுணுத்தார். வரப்பில் நின்ற தலைவர் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். இன்னும் கொஞ்சம் என்பது போல. கண்ணை மூடவில்லை. கரும்பின் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்ததைக் கவனித்தேன். அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும்.

காற்று நின்றது. இலைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

எங்களுக்கு இடப்பக்கம், உள்ளே, ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. காய்ந்த இலையை இழுத்துக் கிழிக்கிற சத்தம். சர்ரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சர்ரக்.

தலைவர் விரலை நீட்டிக் காட்டி, தணிந்த குரலில் சொன்னார்: "காத்து நின்னுடுச்சு. அது நிக்கல."

"நம்ம கொல்லதான்" என்றார் குத்தகைக்காரர். இப்போது அவர் குரலும் தணிந்திருந்தது.

தலைவர் முன்னால் போனார், நான் பின்னால், எனக்குப் பின்னால் குத்தகைக்காரர். அப்பா சோகை உரித்துக்கொண்டிருந்தார். கரும்பின் அடிப்பக்கம் காய்ந்து தொங்கும் இலைகளை உரித்துப் போடும் வேலை அது. பாதிச் சால் முடித்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, கை நடுங்கியது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன். தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

அப்பா அவரைப் பார்த்து, "ஏம்மா, வேலைக்கு வர நேரமா இது? வெயிலு ஏறிப்போச்சு" என்றார்.

"நேரமாயிடுச்சுங்கய்யா. எனக்கு எந்தச் சாலு?"

அப்பா பக்கத்து வரிசையைக் காட்டினார். கூட்டத்துக்குக் கட்டியிருந்த நல்ல புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைவர் குனிந்து உரிக்கத் தொடங்கினார். நாலைந்து கரும்பு உரித்ததும் நிமிர்ந்தார். "வேலைக்கு வந்தவளுக்கு ஒரு டீத்தண்ணி கெடையாதாய்யா?"

அப்பா என்னைப் பார்த்து, "கொண்டாரச் சொல்லு. எல்லாருக்கும்" என்று உத்தரவிட்டார்.

டிராக்டரில் குத்தகைக்காரரின் டீ பிளாஸ்க் இருந்தது. கோயிலிலிருந்து ஒருவர் டீயில் கலக்கச் சர்க்கரை கொண்டு வந்தார். தலைவர் ஒரு வாய் குடித்துக் காட்டினார். அப்பா குடித்தார், இன்னொரு டம்ளரும் கேட்டார். நடுக்கம் குறைந்தது. ஆனால் எடுத்த வரிசையை முடிக்காமல் கிளம்ப மறுத்தார்.

"நீங்க வரப்புல ஒக்காந்து வேலை வாங்குங்கய்யா, நாங்க முடிக்கிறோம்" என்றார் தலைவர். அப்பா உட்கார்ந்தார். தேட வந்தவர்கள் வரிசையில் நின்று அவர் விட்ட இடத்திலிருந்து உரித்தார்கள். ஒருவரை, "அடியோட உரிடா, மொட்டையா விடாத" என்று அப்பா அதட்டினார். "நாலு நாளா ஆளு கெடைக்காம அலையுறேன், பெரியவரு கூலி இல்லாம முடிச்சுக் குடுத்துட்டாரு" என்றார் குத்தகைக்காரர். அழுதுகொண்டிருந்த நான் சிரித்தேன்.

அன்று பெரம்பலூர்க் கூட்டத்தில் எங்கள் ஊராட்சியின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்காகத் தலைவர் பேச்சு வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் நன்றி சொல்லப் போனபோதும், "அப்பா இன்னிக்குச் சாப்பிட்டாராக்கா?" என்றுதான் கேட்டார்.

மக்களை வழிநடத்துபவர் செய்ய வேண்டியது என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், வரப்பில் உயர்ந்திருந்த அந்த உள்ளங்கைதான் எனக்கு நினைவு வருகிறது. எல்லோரும் அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த இடத்தில், அப்போது என்ன கேட்கிறது என்று ஒருவர் காதுகொடுத்தார். அதனால் என் அப்பா எனக்குக் கிடைத்தார்.

அப்பாவுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. கரும்பு வெட்டுக்கு ஆள் வந்தபோது அந்த வயலைப் போய்ப் பார்த்தேன். ஒரு சாலில் மட்டும் கடைசிவரை சோகை உரித்திருந்தது.