அரக்கு வீட்டுக்குள் ஆறு பேர்

என் மகள் சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கி ஏழாவது படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கிப் போனேன். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளோடு எங்களையும் உட்காரவைத்துப் பெரிய திரையில் பொம்மைப்படம் போட்டார்கள். புதுசாக வந்ததாம். கதை பழைய இதிகாசம்.

எனக்குத் தெரிந்த கதைதான். எங்கள் ஊரில் கூத்தாகப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி ஐந்து பேரையும் அவர்கள் அம்மாவையும் அரக்கு வீட்டில் வைத்துக் கொளுத்தப் பார்ப்பார்கள். அவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பிவிடுவார்கள். அன்று அங்கே சோறு தின்ன வந்த காட்டுக்காரி ஒருத்தியும் அவள் மகன்கள் ஐந்து பேரும் உள்ளே தூங்குவார்கள். வெந்து போவது அவர்கள்தான். ஆறு பிணத்தை எண்ணிப் பார்த்து எதிரி ஏமாந்துவிடுவான்.

எங்கள் ஊரில் அந்த இடம் வந்தால் மத்தளம் நிற்கும். ஆடுகிறவர் உட்கார்ந்துவிடுவார். ஆறு இலை போட்டுச் சாமைச் சோறு வைப்போம். பிறகுதான் கதை நகரும். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது என் தப்பு.

படத்தில் அந்தக் காட்டுக்காரியைப் பல்லும் தொந்தியுமாக வரைந்திருந்தார்கள். குடித்துவிட்டு உருண்டாள். மகன்கள் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பி என்னையும் என் மலைச் சேலைக்கட்டையும் பார்த்தாள். என் மகளிடம், "உங்கூரு ஆளுங்க வந்துட்டாங்கடி" என்றாள்.

என் மகளும் சிரித்தாள்.

வீடு எரிந்தது. தப்பித்தவர்களுக்குக் கைதட்டினார்கள். உள்ளே இருந்தவர்களை அதற்குப் பிறகு காட்டவே இல்லை.

செத்தவர்களை ஏன் காட்டவில்லை என்று டீச்சரிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்கம்மா, சின்னப் புள்ளைங்க பாக்கற படமுங்க. செத்ததையெல்லாம் காட்டுனா பயந்துக்குவாங்க."

"குடிச்சு உழுந்தத மட்டும் காட்டலாமுங்களா?"

வேறு யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

சனி ஞாயிறு லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் காளப்பநாயக்கன்பட்டி தாண்டியது. பிறகு, "அடுத்த கூட்டத்துக்கு அப்பாவ அனுப்பு. அவரு பேண்ட் போட்டுக்கிட்டு வருவாரு" என்றாள்.

கை பரபரத்தது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மறுநாள் வாசலில் உட்கார்ந்து நோட்டில் படம் போட்டாள். பிடித்த காட்சியை வரைந்து வரச் சொன்னார்களாம். எரிகிற வீடு. பக்கத்தில் சுரங்கம். அதில் ஆறு பேர் ஓடுகிறார்கள்.

"ஊட்டுக்குள்ள யாரு கண்ணு?"

"யாருமில்ல."

எனக்குப் படம் போட வராது. பென்சிலைப் பிடுங்கி வீட்டுக்குள் ஆறு கோடு இழுத்தேன். தாள் கிழிந்துவிட்டது.

"மிஸ் திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். யாருன்னு கேட்டா, எங்கூரு ஆளுங்கன்னு சொல்லு."

ரப்பரைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். பிறகு பென்சிலை வாங்கி முதல் கோட்டுக்கு ஒரு தலை வைத்தாள். பக்கத்துக் கோட்டுக்கும் வைத்தாள். மற்ற நாலையும் அப்படியே விட்டு நோட்டை மூடினாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை.