திரைக்குப் பின்னால் நின்று பாடினால் போதுமாம்

ஜெர்மனியில் பல வருடங்கள் ஓபரா பாடிப் பிழைத்தவன் நான். மைக் இல்லாமல் பாடி நடிக்கும் இசை நாடகம் அது. ஆண் குரல்களில் ஆகக் கனமானதை, தாழ்ந்ததை, பாஸ் என்பார்கள். என் குரல் அந்த வகை. ராஜா, பூசாரி, கிழவன் என்று எத்தனையோ வேஷம் போட்டிருக்கிறேன். யாரும் என் முகத்தை ஒளித்துவைக்கச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் சொந்த ஊரான ஸ்ரீவராகத்துக்கே திரும்பிவிட்டேன். போன வருடம் இங்குள்ள கலாசார அமைப்பு ஒன்று கூப்பிட்டது. மகனைப் பறிகொடுத்த ராஜா தனியாக நின்று பாடும் காட்சி. பியானோக்காரரோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தேன்.

நிகழ்ச்சியன்று காலை அரங்கத்துக்குப் போனால், என் கிரீடத்தை வைத்துக்கொண்டு ஓர் இளம் நடிகன் நிற்கிறான். அமைப்பின் செயலாளர் ஓடி வந்தார்.

"அண்ணா, தப்பா எடுக்கண்டா. நீங்க கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னு பாடினா மதி. இவர் வாயசைப்பார்."

"எதுக்கு?"

"ராஜான்னா ஒரு லுக் வேணும், அல்லே? ஆள் வெளுப்பு, நல்ல பொக்கம், ஆறடி. உங்க வாய்ஸ் சூப்பராக்கும்."

நான் குள்ளம், கறுப்பு, வழுக்கை. கத்தினேன். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்னாடி நின்னுதான் பாடுவேன். இல்லேன்னா பாட மாட்டேன்."

"வேணாம், பாடண்டா. ஒத்திகையை ரெக்கார்ட் பண்ணிட்டோம். அதைப் போட்டுக்கறோம்."

என்னைக் கேட்காமலே பதிவு செய்திருக்கிறார்கள்! வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. ஸ்பீக்கரில் என் குரல். மேடையில் அவன் உதடு. எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அதே பாட்டை அதே அடியிலிருந்து பாடினேன். முதலில் "இரியடோ!" என்று யாரோ உட்காரச் சொல்லி அதட்டினார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வந்ததும் அரங்கத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒலிப்பதிவை அணைத்துவிட்டார்கள். நடிகன் வாயை மூடிக்கொண்டான். பியானோ இல்லாமல் கடைசி அடிவரை பாடி முடித்தேன்.

சிலர் கைதட்டினார்கள். அதில் என் ஆத்திரம் கொஞ்சமும் அடங்கவில்லை. வாசலில் செயலாளர் வழிமறித்தார். "இனி இந்த ஊர்ல உங்களுக்கு ஸ்டேஜ் கிடைக்காது, கேட்டோ."

"உங்க ஸ்டேஜை நீங்களே வச்சுக்குங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னபடியே இதுவரை எந்த மேடையும் கிடைக்கவில்லை. விளம்பரத்துக்குப் பூதம் மாதிரிப் பேசித் தர முடியுமா என்று மட்டும் இரண்டு பேர் போனில் கேட்டார்கள். இரண்டு பேரையும் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன்.