தம்பியின் முதல் சொல்

என் எவர்சில்வர் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குள் யாயாவின் கைபேசி நிமிர்ந்து நிற்கும். அப்படி வைத்தால் சத்தம் கணீரென்று கேட்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் பேக்கரியில் மதியச் சாப்பாட்டு நேரமும், கொங்கோவிலிருந்து அவருடைய தம்பி அழைக்கும் நேரமும் ஒன்று. லிங்காலா மொழியில் மூத்த சகோதரத்தை யாயா என்பார்கள். அவன் வார்த்தைக்கு வார்த்தை அப்படி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் கொங்கோ அக்கா யாயாவானார். அவன் பேசப் பேச இவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்காகவே சில நாட்கள் வேலைக்குப் போயிருக்கிறேன்.

பிறகு, தம்பி கராஜ் வைத்திருந்த கிழக்கு நகரம் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. அங்கே ஊர்ச்சனம் பேசுவது சுவாஹிலி. லிங்காலா தலைநகரத்தின் பேச்சு, அரசாங்கப் படையின் பேச்சு. அதைப் பேசுகிறவன் சீருடையைக் கழற்றி ஒளித்த சிப்பாய் என்றே புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள். அவனோ ஸ்பானரைத் தவிர வேறெதையும் பிடித்தறியாதவன். அக்காவும் தம்பியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: தனியே இருந்தால் லிங்காலா, பக்கத்தில் ஆள் நின்றால் சுவாஹிலி.

யாயா இதைச் சொன்னபோது எனக்கு, கொழும்பு பஸ்ஸில் சோதனைச் சாவடி வந்ததும், "வாயைத் திறவாதை பிள்ளை, ஆர் கேட்டாலும் சிரி" என்று, எங்கள் தமிழ் வெளியே கேட்டுவிடாதபடி, அம்மா காதுக்குள் சொன்ன ஞாபகம்.

பனி கொட்டிய ஒரு மதியம் அவன் சுவாஹிலியில் தொடங்கினான். யாயா என்று அழைக்கவில்லை, மேடம் என்றான். இவரும் அந்தக் கணமே வாடிக்கைக்காரியாகி, ஊரில் விட்டுவந்த காரின் ரேடியேற்றரைப் பற்றி விசாரித்தாராம். அப்படியொரு கார் கிடையாது. குரல் நடுங்கவில்லை, கை மட்டும் என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. லைன் அறுந்தது.

"உவ ஏன் பிள்ளை அழுறா? தம்பியோட சண்டையோ?" என்று யாயாவைக் காட்டிப் பக்கத்து மேசை அன்ரி கேட்டார்.

"இல்லை அன்ரி, கார் பழுதாம்."

வேறென்ன சொல்வது?

அதன்பின் அழைப்பே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மதியமும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து யாயாவிடம் நீட்டுவேன். நேற்று அது கிணுகிணுத்தது. தம்பியின் இலக்கம்தான். யாயா பச்சைப் பொத்தானை அழுத்தினார், ஆனால் ஹலோ சொல்லவில்லை. முதல் சொல் எந்த மொழியில் வரும் என்று தெரியாமல் எப்படி வாய் திறப்பார்? கிண்ணத்துக்குள் யாரோ மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது, தம்பியோ, அவன் கைபேசியைப் பறித்தவனோ. அங்கேயும் ஒருவர், யாயா எந்த மொழியில் பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தார்.