வாலைப் பிடித்திருந்த பெண்

மாட்டுக்கு முடி வெட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று சிரிப்பவர்களை எங்கள் ரூல்தடி அண்ணனிடம் அனுப்பி வைக்கலாம். அவர் பதில் சொல்ல மாட்டார். மனிதர்களிடம் பேச்சே வராது அவருக்கு. மாடுகளைத்தான் வாங்க, போங்க, கொஞ்சம் திரும்புங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவார். கண்காட்சிக்குப் போகும் மாட்டின் முதுகைக் கோடு போட்ட மாதிரி நேராக்கித் தருவதால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் எனக்கே தெரியாது, பத்து வருஷமாக என் மாடுகளுக்கு அவர்தான் வெட்டுகிறார்.

உடம்பெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, முதுகெலும்பு நெடுக மட்டும் முடியை விட்டுவைப்பார். அதைக் காற்று மெஷினால் நிமிர்த்தி, நுனியை மட்டும் இழை இழையாகச் சீவுவார். பள்ளமான இடத்தில் முடி கொஞ்சம் உயரம், மேடான இடத்தில் குட்டை. நடுவர் கண்ணுக்கு முதுகு மேஜை மாதிரி தெரியும். "ஏமாத்து வேலைதானேண்ணே?" என்று ஒருமுறை சீண்டினேன். "தலை வாரிக்கிட்டு வெளிய போறோமே, அது மாதிரிம்மா" என்றார். அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. நான் போனபோது அந்த நாற்காலியிலும் எண்ணெய்த் துணியில் சுற்றிய பிளேடுகள்தான் உட்கார்ந்திருந்தன. சட்டையில் எப்போதும் மாட்டு முடி ஒட்டியிருப்பதால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார்வதில்லை என்று சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டோடு போய் ஏழு வருஷம் ஆகிறது. கண்காட்சி சீசன் என்று நாலு மாதம் வீடு தங்காத ஆளோடு அவளும் எத்தனை நாள்தான் குப்பை கொட்டுவாள்? அவளை நான் குறை சொல்ல மாட்டேன். போகும்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. பார்க்கப் போனவரை மைத்துனர் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். இவருக்கு ரோஷம், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த ரோஷத்துக்காக அவரை நிறையவே திட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டன் போனில் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன்ப்பா." அவ்வளவுதான் உறவு.

இந்த வருஷக் கண்காட்சிக்கு அவர் புதுச்சட்டையில் வந்தார். "என்னண்ணே, நடுவர் உங்க முதுகையா பார்க்கப் போறாரு?" என்றேன்.

"பொண்ணு வருது. காலேஜ் பஸ்ல கூட்டிட்டு வராங்களாம். பத்து மணிக்கு நம்ம கொட்டகைக்கு வரேன்னு சொல்லுச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு என் கிடேரி களத்தில் இறங்க வேண்டும். முதுகு வேலையைக் கடைசியில்தான் செய்ய முடியும், முன்கூட்டியே செய்தால் மாடு படுத்துக் கலைத்துவிடும். அண்ணன் மெஷினை ஓட்டியபடி வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கை ஒரு நொடி அழுந்திவிட்டது. நட்ட நடு முதுகில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

"கண்ணை எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். ஒரு வருஷ உழைப்பு எனக்கு. அதற்கப்புறம் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

பள்ளத்தை மறைக்க ஒரே வழி, முதுகு முழுவதையும் அந்த மட்டத்துக்கு இறக்குவது. குனிந்து, முடியோடு கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். காற்று மெஷினும் வெட்டும் மெஷினும் சேர்ந்து காதைக் கிழித்தன. கிடேரி வாலை விசிறி விசிறி அடித்தது. நான் தலைக்கயிற்றை விட முடியாது. அப்போது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அண்ணன் திரும்பாமலே வாலை எடுத்து நீட்டி, "அசையாமப் பிடி" என்றார். யார் பெற்ற பிள்ளையோ, மகராசியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது நிமிஷம் அந்த வால் அசையவில்லை.

களத்துக்கு அழைத்தார்கள். நான் கிடேரியோடு ஓட, அவர் பிரஷ்ஷோடு பின்னால் ஓடி வந்தார். இரண்டாவது பரிசு. திரும்பி வந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. அண்ணன் நுழைவாசலில் போய் நின்றார். ஒரு மணி, இரண்டு மணி. வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு அவர் கொட்டகைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. வருஷக்கணக்கில் மெஷின் சத்தம் கேட்டு அவர் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, பஸ்ஸை எடுத்துட்டாங்கப்பா. சொல்லிட்டு வர முடியல. மாடு ஜெயிச்சுதா?"

"ரெண்டாவது" என்றார், ஒன்றும் புரியாமல்.

"நான் வாலை ஒழுங்காப் பிடிச்சேனா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தச் சத்தத்துல அப்பான்னு கூப்பிட்டேன். நீங்க திரும்பக்கூட இல்ல, வாலை எடுத்துக் கையில குடுத்துட்டீங்க. வேத்தாளா இருந்தா அப்படிக் குடுப்பீங்களா? எத்தனை வருஷம் ஆனாலும் அப்பாவுக்கு என்னைத் தெரியுதுன்னு அம்மாகிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"தெரியாமப் போகுமா, கண்ணு?" என்றார்.

"அடுத்த வருஷமும் நான்தான் பிடிப்பேன், ஆமா."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெகுநேரம் கிடேரியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்: "நீங்க எதிர்லதானேம்மா நின்னீங்க. அவ முகம் எப்படிம்மா இருந்துச்சு?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஐம்பது நிமிஷமும் நான் முதுகுப் பள்ளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல உயரம்ணே" என்றேன்.

"உயரமா?" என்றார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.