ஏசுவது வேறு, சொல்வது வேறு

ஹாம்பர்கில் வீட்டுக் கதவின் வெளிப்பக்கக் குமிழ் திரும்பாது. இழுத்துச் சாத்துவதற்கு மட்டுமே அது. சாத்திய நொடியில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்; சாவி உள்ளே இருந்தால் நீங்கள் வெளியாள். வந்த புதிதில் பிளாஸ்டிக் குப்பையை மஞ்சள் பையில் கட்டிக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறியபோது இது எனக்குப் புரிந்தது. காலில் செருப்பு இல்லை, கையில் போன் இல்லை, உள்ளே அடுப்பில் சாதம். எதிர்வீட்டுக்காரர் பூட்டுத் திறப்பவரை, இங்கே ஷ்லூஸல்டீன்ஸ்ட் என்பார்கள், போனில் அழைத்துவிட்டு, இன்னொரு சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அம்மா ஏசுவார்கள்" என்பதுதான் என் வாயில் வந்தது. அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார், அம்மா கீழிருந்து ஏறி வருகிறார் என்று நினைத்து. இந்தியாவில் இருக்கிறார் என்றேன். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பூட்டைத் திறந்தவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. சாதம் கரிந்திருந்தது. சுரண்டிக்கொண்டே, யாராவது ஏசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இது நடந்தது ஒருமுறை அல்ல. மூன்றாவது முறை எதிர்வீட்டுக்காரர் கேள்வியே கேட்கவில்லை.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கதவு காலையில் திறந்தால் படுக்கப்போகும்போதுதான் சாத்துவோம். அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கடை: கயிறு, மிதவை, பெயின்ட், விசைப்படகுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவருக்குப் பெயின்ட் எடுக்கப் போவார், அங்கே நின்று மூன்றாமவரிடம் பேசுவார். "அண்ணாச்சி, கயிறு பாதில நிக்கி" என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா போய் மீதியை அளந்து கொடுப்பாள். என் விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸ், குடை, ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு கால் கொலுசு என்று தொலைத்தவற்றுக்கெல்லாம் அம்மாவிடம் கணக்கு இருந்தது. "சவத்து மூதி, உன்னையக் கடைக்கு அனுப்புனா கடையத் தொலைச்சிட்டு வருவ" என்பாள். கோட்டிக்காரி, அதாவது பைத்தியக்காரி, என்பது வீட்டில் எனக்கு ஏறக்குறைய இரண்டாவது பெயர். அதே பழக்கம் ஆணிடம் இருந்தால் வேடிக்கை, பெண்ணிடம் இருந்தால் குற்றம். அப்போது இதை ஒரு விதி என்றே எடுத்துக்கொண்டேன்.

பொறியியல் முடித்துத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். இப்போது யோசித்தால் அந்த வேலையை நான் மட்டும் பார்க்கவில்லை. "ஏளா, கொழும்பு பார்ட்டிக்கு மெயில் போட்டியா?" என்று அடுத்த மேசைக்காரர் கேட்பார். டீ கொண்டு வருகிறவர் கூட "அக்கா, மேனேஜர் சீட்டு ஒண்ணு கேட்டாகளே" என்பார். என் மறதியைப் பத்துப் பேர் பங்கிட்டுச் சுமந்தார்கள். ஆளுக்கொரு ஏச்சைக் கூலியாக எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் யாரும் யாருக்கும் நினைவூட்டுவதில்லை. அது அவமரியாதை. உங்கள் வேலை உங்களுடையது, அதை நீங்கள் மறக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறந்த பிறகு கடிதம் வரும்.

எனக்கும் வந்தது. இங்கே கன்டெய்னர் முனையத்தில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் நிற்க வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. குளிர்பதனப் பெட்டி ஒன்றுக்கு இடம் மாற்றச் சொல்லி மெயில் வந்தது. மாற்றப் போனேன், திரையில் வேறொரு எச்சரிக்கை மின்னியது, அதைச் சரிசெய்தேன், அதிலிருந்து வேறொன்று. பெட்டி மின் இணைப்பு இல்லாத அடுக்கில் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்த சரக்கு கெட்டுப்போனது. எங்கள் ஊர் இறாலாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆவணத்தைத் திறந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதத்தில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. இன்னொருமுறை இப்படி நடந்தால் வேலை போகலாம் என்று மட்டும் இருந்தது. வேலை போனால் விசா போகும். அதை எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மேசை முழுக்க ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரும் மார்லீனா தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள், மதியச் சாப்பாட்டைக் காட்டுவதுபோல. "எனக்கு ஏ.டி.எச்.டி. நீயும் ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கலாம்" என்றாள். என்னைக் கோட்டி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு சில நாள் அவளிடம் பேசவில்லை. அவளோ, நான் ஏன் பேசவில்லை என்றும் கேட்கவில்லை. பிறகு நானாகவே படித்தேன். கவனக்குறைவு என்று பெயர், உண்மையில் கவனம் எங்கே நிற்க வேண்டும் என்பது நம் கையில் இல்லாத நிலை. சிறுவயதிலேயே இருக்கும், பெண்பிள்ளைகளிடம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போகும். படித்து முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பெயர் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு ஃப்ராவ் லிண்டெமான் என்ற உளவியலாளர் முன் உட்கார்ந்தேன். அவர் கேட்டவை: கேள்வித்தாள்கள், தொடக்கப்பள்ளி அறிக்கைகள், பெற்றோரில் ஒருவருடன் நேர்காணல். சிறுவயதில் இருந்ததற்குச் சான்று வேண்டுமாம்; அது இல்லாமல் எழுதித் தரமாட்டார்கள், மாத்திரையும் கிடையாது, வேலையிடத்தில் சலுகை கேட்கவும் முடியாது. இங்கே ஆசிரியர்கள் பிள்ளையைப் பற்றி வாக்கியம் வாக்கியமாக எழுதுகிறார்கள்: ஜன்னலைப் பார்க்கிறாள், பென்சிலைத் தொலைக்கிறாள். என் ரேங்க் கார்டில் இருந்தது மதிப்பெண், ரேங்க், அப்பாவின் கையெழுத்து, 'நன்று' என்று ஒரு சொல்.

"உங்கள் கவனத்தைப் பற்றி ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

"அடித்தார்கள்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்களா என்றார் மிக மெதுவாக. இல்லை, அது எல்லாருக்கும்தான் என்றேன். அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. ஆக, மிஞ்சிய சான்று அம்மா ஒருத்திதான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நானே மொழிபெயர்க்கக் கூடாது என்றார்கள். சிவமலர் அக்கா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணியை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார்கள். நான் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. என் வேலையே இதுலதான் இருக்கு." சரி என்றாள். வீடியோவில் வந்தபோது பட்டுச்சேலையில் இருந்தாள், தலைக்கு மேல் என் பட்டமளிப்புப் படம். பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்போது திருச்செந்தூர் பக்கம் ஒரு லாட்ஜ்காரக் குடும்பத்தில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்வி கேட்டால் அது கல்யாண விசாரிப்பு. தெருவில் பாதிப் பெண்களுக்கு அம்மா அப்படிப் பதில் சொல்லியிருக்கிறாள், பிடிக்காத வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து. விசாரிப்பில் குறை சொல்வது பாவம்.

"அம்மா, இவ கேக்கிறா, பள்ளிக்கூடம் போற வயசில பிள்ளை சாமானுகளைத் துலைச்சிட்டு வாறவளோ எண்டு."

"எம் புள்ள தங்கம். வச்சது வச்ச எடத்துல இருக்கும். நீங்க எந்த ஊரும்மா?"

"நான் யாழ்ப்பாணப் பக்கம் அம்மா. ஒரு வேலையத் தொடங்கினா முடிப்பாளோ?"

"முடிக்காம எந்திரிக்க மாட்டா. படிப்பு, சமையலு, கோலம், எல்லாம்."

சமையலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஃப்ராவ் லிண்டெமான் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார், எல்லாம் 'இல்லை' பக்கம். நான் வாய் திறக்கக் கூடாது. என் விசா அந்தக் கட்டங்களில் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ அம்மா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது. அவுக அப்பா வம்சத்துலயும் கெடையாது. நல்லா விசாரிச்சுக்கிடுங்க."

அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பின்னால் அப்பா டிவிக்குப் பின்புறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏளா, ஸ்கூட்டர் சாவியப் பாத்தியா?" அம்மா திரும்பவில்லை. அப்பா என் பட்டமளிப்புப் படத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். மறுபடி குறுக்கே போனார். பிறகு திரையில் என்னைக் கண்டுவிட்டு முகம் மலர்ந்து குனிந்தார்: "எம்மா, சாப்ட்டியா? சாவியக் காணும்மா."

கேட்டதையெல்லாம் மொழிபெயர்ப்பது சிவமலர் அக்காவின் கடமை. மொழிபெயர்த்தார். ஃப்ராவ் லிண்டெமான் நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"ஐயா, நீங்கள் அடிக்கடி சாவியத் துலைக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா."

தன்னிடமும் ஒருவர் கேட்கிறாரே என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "தெனந்தான் தாயி! நேத்து கடையச் சாத்திட்டுப் பூட்டக் கையில கொண்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எம் பொண்ணு அப்படியே என்னைய மாரி. ஏன், இவ சொல்லலியா?"

"நீங்க உள்ள போங்க."

"என்னளா, கேக்காகள்லா, சொல்லாண்டாமா?"

"போங்கங்கேன்!"

அதையும் சிவமலர் அக்கா ஜெர்மனில் சொன்னார். ஃப்ராவ் லிண்டெமான் அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்கார்ந்து, கயிறு முதல் கொலுசு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா எழுந்து திரையை விட்டுப் போய்விட்டாள். நாற்காலியின் முதுகில் அவள் சேலைத் தலைப்பு கொஞ்ச நேரம் சிக்கி நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் அவளே அழைத்தாள். "வெள்ளக்காரிகிட்ட எங்க மானத்த வாங்கிட்டீகளே, அப்பனும் மகளும்! அந்த மொழிபெயர்த்தவ தமிழு. தமிழ்க்காரி காதுல விழுந்தது திருச்செந்தூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆவும்?" என்று தொடங்கினாள். அடுப்பில் நான் பொங்கவிட்ட பால், பரீட்சை ஹாலுக்கு எடுத்துப்போகாத ஹால் டிக்கெட், பேருந்தில் விட்டுவந்த கல்யாண வீட்டுப் பை, எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொல்லி ஏசினாள். ஃப்ராவ் லிண்டெமானின் கேள்வித்தாள் என் கையில் இருந்தது. அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு கேள்விக்கும் பதில் நிரம்பிக்கொண்டே போனது.

"அம்மா, இதையே அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"ஏசுதது வேற, சொல்லுதது வேற. வீட்டுக்குள்ள ஏசுவேன். வெளிய எப்பிடிளா சொல்லுவேன்?"

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னைக் காப்பாற்றவே அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. உண்மையை வெளியே சொல்வது அவமானம், அதே உண்மையால் பிள்ளையை உள்ளே வைத்து அறைவது வளர்ப்பு என்றால், அந்தக் கூரையின் கீழ் எந்த நோய்க்கும் பெயர் கிடைக்கப் போவதில்லை.

முடிவு வந்தது: ஆம், சிறுவயது முதலே. மாத்திரை தொடங்கியபோது எல்லாரும் சொல்வதுபோல் உலகம் பளிச்சென்று ஆகவில்லை. ஒரு மெயிலைத் திறந்தேன், அதை முடித்தேன், அடுத்ததைத் திறந்தேன். மற்றவர்களுக்கு நாள் முழுவதும் இவ்வளவு சுலபமாகத்தான் போகிறதா என்று கசந்தது. வேலையிடத்தில் பெட்டிகளின் இடமாற்றங்களை எழுத்தில் ஒரே இடத்தில் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வேலை நிலைத்தது, விசாவும் நிலைத்தது. திருச்செந்தூர்ச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தாமல் கலைந்தது. ஜாதகம்தான் காரணம் என்று அம்மா இன்றுவரை நம்பவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அம்மா என் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு கால்சியம் பாட்டிலில் போட்டு வைத்தாள். "அங்கன வெயிலே கெடையாதுல்லா, அதான்" என்று வந்தவர்களிடம் சொன்னாள். நான் திருத்தவில்லை. கடையில் அப்பா மட்டும், கயிறு பாதியில் நிற்க, என்னிடம் குனிந்து கேட்டார்: "எம்மா, அந்த மாத்திர எனக்கும் கேக்குமா?"

"மொதல்ல டாக்டரப் பாக்கணும்ப்பா. இங்கனயே இருக்காக. நான் கூட்டிட்டுப் போறேன்."

"கோட்டி டாக்டரு வாசல்ல என் ஸ்கூட்டர் நின்னா பாக்கவன் என்ன சொல்லுவான்? உன் கல்யாணம் முடியட்டும்." சிரித்தார். "அதுவர உங்கம்மா இருக்கா, ஏசுததுக்கு."

ஆக, அவருடைய வைத்தியமும் என் கல்யாணத்துக்காகக் காத்திருக்கிறது. நான் கயிற்றை எடுத்து மீதியை அளந்தேன்.

போன மாதம் போனில் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், வாசல் பூட்டை மாற்றியாகிவிட்டது, அப்பா சாவியைப் படகுத்துறையில் எங்கேயோ விட்டுவிட்டார் என்று. எனக்கும் ஒரு சாவி எடுத்து வையுங்கள் என்றேன்.

"உனக்கு எதுக்குளா? நீ தொலைச்சிருவ."

ஹாம்பர்க் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கி அடித்திருக்கிறேன். வெளியே போகுமுன் கை அங்கே போக வேண்டும் என்பது பயிற்சி. ஒன்றில் இந்த வீட்டுச் சாவி. மற்றதில் தூத்துக்குடி வீட்டின் பழைய சாவி, நான் புறப்பட்ட அன்று கைப்பையில் கிடந்து கூடவே வந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் தொலைக்காத ஒரே சாவி அது. காலையில் கை முதலில் அதன் மேல்தான் படுகிறது. விட்டுவிட்டு, பக்கத்துச் சாவியை எடுத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்துகிறேன். பூட்டு தானாக விழுகிறது.