முந்திரிக்காட்டு வழியும் என் காலண்டர் தாள்களும்

அரியலூர்க் கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் அம்மா ஒருவர், பழைய காகிதம் தேடி உடையார்பாளையத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். செப்பேடு கேட்டவருக்கு என் காலண்டர் தாள்களைக் காட்டினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கிழிக்கிற தேதித்தாளின் பின்னால் அன்று ஊரில் நடந்ததை இரண்டு வரி எழுதி, கோணி ஊசியால் கோத்து, வருடத்துக்கு ஒரு கட்டாக வைத்திருக்கிறேன். யார் செத்தது, எவர் வீட்டு மாடு கன்று போட்டது, ஏரி எப்போது நிரம்பியது, எல்லாம்.

என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் ஆர்மேனியா என்றொரு தேசத்துச் சாமியாரைப் பற்றிச் சொன்னார். பல நூறு வருடத்துக்கு முன்னால், மடத்தில் உட்கார்ந்து தன் சனங்கள் பட்ட பஞ்சம், படையெடுப்பு எல்லாவற்றையும் எழுதி வைத்தாராம்.

"தன் ஆளுங்க தோத்ததையும் எழுதுனாராங்க?"

"அதையும்தாம்மா எழுதினார். அதனாலதான் இன்னைக்கும் நம்புறோம்."

எனக்குச் சமமாக ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார் என்பதில் சந்தோஷம்தான்.

என் மகனுக்கு இதெல்லாம் பிடிபடாது. "காலண்டர் கடைக்காரன்கூட இம்புட்டு தாளு வெச்சிருக்க மாட்டான்" என்பான். ஒரு கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் எங்கள் முந்திரிக்காட்டைச் சுற்றி முள்கம்பி போட்டான். கீழத்தெருக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப் போகிற வழி அடைபட்டது. அவர்கள் மனுக் கொடுத்தார்கள். பட்டாவில் வழி காட்டவில்லை. தாசில்தாரே காட்டுக்கு விசாரிக்க வந்தார்.

அன்றைக்குத்தான் மகனுக்கு என் எழுத்து மேல் மரியாதை வந்தது. கட்டுகளைத் தானே தலையில் சுமந்து வந்தான்.

"எங்கம்மா அம்பது வருஷமா எழுதுதுங்க சார். வழின்னு ஒன்னு இருந்திருந்தா இதுல இருக்கும். ஒரு வரி கெடையாது" என்றான்.

பிரித்தே பார்க்காமல் பேசுகிற அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தாசில்தார் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "நீங்களே படிச்சிருங்கம்மா."

என் எழுத்து என்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. நான் வாயால் சொல்வதுதான் சாட்சி. மகன் என்னையே பார்த்தான். கீழத்தெருக் கிழவர் ஒருவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேலி போட்ட பிறகு, செத்த மனைவியை ஏரிக்கரைச் சேறு வழியாகச் சுற்றித் தூக்கிப் போனவர்.

மாடு கன்று போட்டது என்று படித்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அப்படிப் படித்துவிட்டால், மகன் சொன்ன மாதிரி அது வெறும் காலண்டர் தாள்தான்.

"கீழத்தெரு பெரிய கெழவி செத்துப்போச்சு. நம்ம முந்திரிக்காட்டு வழியா தூக்கிட்டுப் போனாங்க. மழ தூறல்."

"இந்த மாதிரி இன்னும் எழுதிருக்காம்மா?"

"அந்தத் தெருவுல செத்தவங்க அத்தன பேரும் இருக்காங்க சார்."

"படிக்காதது சார், தப்பா எழுதிருக்கும்" என்றான் மகன்.

"தப்பா எழுத நா என்ன காலேஜுக்கா போனேன்?"

அன்றே கம்பியை வெட்டி வழி விட்டார்கள். மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "நாந் தூக்கிட்டு வரேன் ஆத்தா" என்று அந்தக் கிழவர்தான் கட்டுகளை என் வாசல் வரை சுமந்து வந்தார்.

அன்றைய தாளில் எழுதினேன்: வழி தொறந்தாச்சு. மகன் பேசல. மழ இல்ல.

அந்தச் சாமியார் பெரிய ஆள்தான். ஆனால் அவருக்கு மகன் இல்லை.